பத்தியம் காத்த கண்டக்டர்

கூட யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கேட்பார்கள் என்பது தனியாகப் போய்ப் படுத்தவனுக்குத்தான் தெரியும். வாசலில் சக்கர நாற்காலி கொண்டுவந்தவர் கேட்டார். சீட்டு எழுதுகிற பெண் கேட்டார். கையில் ஊசி ஏற்றிய நர்ஸ் கேட்டார். கூட்டிப் பெருக்க வந்த அம்மாள்கூட, கட்டிலுக்கு அடியில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். மூச்சு இல்லாதபோது சைகையாலும், வந்த பிறகு வாயாலும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். நான் யாரிடமும் சொல்லவே இல்லை, அப்புறம் எங்கிருந்து வருவார்கள்?

முப்பது வருஷம் மேலூர் – மதுரை வழியில் அரசு பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் சித்ரா, கணவன், பிள்ளையோடு ஓசூரில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மேலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். வேலையில் இருந்தபோது, வாயை மூடிக்கொண்டு அஞ்சு நிமிஷம் உட்கார விடமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது தெருவில் பால்காரர் போன பிறகு மறுநாள் பால்காரர் வரும் வரைக்கும் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. யாரையும் குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போதே எனக்கு ஆஸ்துமா என்று சொல்லிவிட்டார்கள். பீடி, சிகரெட் தொட்டவனில்லை. டீசல் புகையும் ரோட்டுப் புழுதியும் போதாதா? மூச்சு போய்வருகிற குழாய்கள் உள்ளுக்குள் வீங்கிச் சுருங்கிவிடும், அதிலே சளி வேறு வந்து அடைத்துக்கொள்ளும், காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடாக இருக்கும். அதுதான் ஆஸ்துமா. இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். ஒன்று தினமும் காலையும் மாலையும் இழுக்க வேண்டியது, வீக்கத்தை அடக்கி வைக்கும். இன்னொன்று நீல நிறம், திணறும்போது மட்டும் இழுக்க வேண்டியது. ஒழுங்காகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் சளி பிடித்து ஒரு மாதம் விடவில்லை. டீக்கடையில் ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் ஆயுர்வேத டாக்டரைப் பற்றிச் சொன்னார். போனேன். சின்ன வயசுப் பெண், முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். நாக்கை நீட்டச் சொன்னார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். அதற்கு மேல்தான் கேள்விகள். காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், பகலில் தூங்குவீர்களா, கால் ஜில்லென்று இருக்குமா, எதற்காவது பயப்படுகிறீர்களா. முக்கால் மணி நேரம் கேட்டார். என் மனைவி போனதிலிருந்து நான் என்ன சாப்பிட்டேன் என்று என்னை நேரில் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தும்மல் வருவதுபோல நடித்துச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு நான் வாரா வாரம் போனது மருந்துக்காக மட்டுமில்லை.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷ் மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று. இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து என்றால் பத்தியம். பத்தியம் என்றால் அது முடிகிற வரைக்கும் வேறு மருந்து கிட்டே வரக்கூடாது, வந்தால் இரண்டும் கெட்டுவிடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்ஹேலர் இழுக்கிறேன் என்று சொன்னால், அப்படியானால் என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று அனுப்பிவிடுவாரோ என்று பயம். ஒரே ஆள் இரண்டு பஸ்ஸில் எப்படிப் போவது என்று கண்டக்டர் புத்தியில் யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இன்ஹேலரையும் ஆணியில் தொங்கும் என் பழைய தோல்பைக்குள் போட்டு மூடினேன். நான் டிக்கெட் பணம் போட்டுவைத்த பை அது. என் விசிலும் அதற்குள்தான் கிடந்தது.

ஒரு மண்டலம் மருந்து. நாற்பத்தெட்டு நாள். காலையில் வெறும் வயிற்றில் கஷாயம், அந்தக் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொள்வேன். ராத்திரி ஒரு கரண்டி லேகியம். நல்லெண்ணெயில் இந்துப்பைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்த்து, அதன் மேல் துணியால் ஒத்தடம் கொடுக்க வேண்டும். முதுகில் தேய்க்க ஆளில்லை, எட்டின மட்டும் தேய்த்தேன். தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது, இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பொய் சொல்லக்கூடாது, சளி நன்றாகவே இளகியது. பசி எடுத்தது. மூன்று வாரம் மூச்சு வாங்காமல் படி ஏறி இறங்கினேன். இன்ஹேலரை ஒழித்துவிட்டேன் என்று மனசுக்குள் மார் தட்டிக்கொண்டேன். தினமும் இழுக்கிற மருந்தை நிறுத்தினால் அது உடனே காட்டிக்கொடுக்காது, உள்ளே அடக்கிவைத்த வீக்கம் மெதுவாகத்தான் கிளம்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பத்தியம் இன்னொன்றையும் செய்தது. விருந்துக்குப் போக முடியாது. கல்யாணத்துக்குப் போனால் இலையில் உட்காராமல் வரமுடியுமா? அதனால் போகவே இல்லை. இருந்த இரண்டு மூன்று வாசலையும் நானே சாத்திக்கொண்டேன்.

நாற்பத்தோராவது நாள், மார்கழிப் பனி. விடிந்து எழுந்தபோதே மூச்சு விசிலடித்தது. பல் தேய்க்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஆணியில் பை தொங்குகிறது. எழுந்து எட்டினால் நீல இன்ஹேலர். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்னும் ஏழு நாள்தானே. நாற்பது நாள் தவம் கிடந்ததைக் கெடுத்துக்கொள்வதா? பையைப் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டி வெளியே வந்தேன். வேறு ஊரில் யாராவது இப்படிச் செய்வார்களா, தெரியவில்லை.

மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், சாயங்காலத்துக்குள் ஓசூருக்குச் செய்தி போய்விடும். அம்மா போன நாளிலிருந்தே சித்ரா, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்கிறாள். இன்னொரு தடவை உடம்புக்கு வந்தால் கேட்கவே மாட்டேன், தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று போன தீபாவளிக்கே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். அங்கே மூன்றாவது மாடியில், அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, பேர் தெரியாத ஊரின் கூரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இங்கேயும் தனிமைதான். ஆனால் இது எனக்குப் பழகிய தனிமை.

மதுரை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் புதுப் பையன் போலிருந்தார், என்னைத் தெரியவில்லை. பெருசு, எங்கே போகணும் என்று கேட்டார். மாட்டுத்தாவணி என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நான் ஆயுளில் எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். அன்றைக்கு 'மா' என்பதற்கு மேல் காற்று இல்லை. நோட்டை நீட்டினேன். அவராகப் புரிந்துகொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதே பஸ்ஸில் செத்துப்போனால் சீட்டுக் கணக்கில் குறையாது என்று நினைத்தேன்.

மாட்டுத்தாவணியில் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். விரலில் கிளிப் மாட்டினார்கள், ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று அது சொல்லும். எண்பத்தேழு காட்டியது, தொண்ணூற்று நான்குக்கு மேல் இருக்க வேண்டுமாம். மூக்கில் குழாய், முகத்தில் மூடி. மருந்தைப் புகையாக்கி மூடி வழியாக இழுக்கவைப்பார்கள், நெபுலைசர் என்று பெயர், எங்கள் ஊர்க்காரர்கள் புகை வைக்கிறது என்பார்கள். மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்த வலி மறக்காது. ஸ்டீராய்டு ஊசி இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் ஒரு வார்த்தை முழுசாகப் பேச வந்தது.

அப்போது ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பீக் ஃப்ளோ மீட்டர். எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே தள்ளுகிறோம் என்பதை அதிலிருக்கும் சின்ன முள் காட்டும். என் உயரத்துக்கும் வயசுக்கும் நானூறுக்குப் பக்கத்தில் போக வேண்டும். முள் நூற்று இருபதில் நின்றது. நர்ஸ் நல்ல பிள்ளை, நான் கண்டக்டர் என்று தெரியாமல், "ஐயா, விசில் ஊதுற மாதிரி நல்லா ஊதுங்க" என்றது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் மூச்சில்லை.

டாக்டர் வந்தார். நெஞ்சு நோய் நிபுணர், அதிகம் பேசாதவர். தினமும் இழுக்கிற இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தீர்களா என்று கேட்டார். இழுத்தேன் என்றேன். ஒரு நாள் விடாமலா? ஒரு நாள் விடாமல் என்றேன். நிறுத்தினேன் என்று சொன்னால், ஏன், எந்த டாக்டர் என்று கேள்வி வரும், அந்தப் பெண்ணைத் திட்டுவார், என்னைப் பற்றிக் கேட்க இருந்த ஒரே ஆளும் போய்விடும். என் கணக்கு அப்படி ஓடியது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் பேரையூர்க்காரர் ஒருவர், நிமோனியா. அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னை முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார். இட்லிப் பொட்டலம் வந்தால் எனக்கு இரண்டு தள்ளி வைப்பார். ஆஸ்பத்திரியில் தயிர்சாதமும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், நான் தொடவில்லை. வெந்நீர் கேட்டு நர்ஸ்களை நச்சரித்தேன். ஸ்டீராய்டு உடம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் தயிரை ஒதுக்கிப் பத்தியம் காக்கிறேன்! பேச்சியம்மாள் மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வந்துக்கிட்டிருக்காக, வந்துக்கிட்டிருக்காகன்னு சொல்றீகளே அண்ணே, அவுக என்ன நடந்தா வாராக?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்போது மற்ற கட்டில்களில் போய்வாரேன், போய்வாரேன் என்று சத்தம் கேட்கும். என் கட்டிலில் மட்டும் யாரும் விடைபெற வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்காருகிறார் என்றால் நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்ஹேலரை ஒரு நாள் விடாமல் இழுத்தும் இவ்வளவு மோசமாகியிருக்கிறது என்றால் வெறும் ஆஸ்துமாவாக இருக்காது, வேறு ஏதோ இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கப்புறம் மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூச்சில் அது கொஞ்சம் ஆபத்துதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். காலையில் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மகளை வரச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

இரண்டு பொய்யும் ஒரே ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டன. நெஞ்சுக்குள் குழாய் விடுவது என் ஒரு பொய்யால். கையெழுத்துப் போட ஆளில்லாதது இன்னொரு பொய்யால். அப்படியும் உண்மையைச் சொல்ல நான் போன் எடுக்கவில்லை. ஆயுர்வேத டாக்டரைக் கூப்பிட்டேன், எதற்கு? ஊசியெல்லாம் போட்டுவிட்டார்களே, பத்தியம் கெட்டுவிட்டதா, திரும்ப முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்பதற்கு.

அவர் நான் பேசுவதை முழுசாகக் கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை நான் மூச்சு வாங்குவதையும் கேட்டிருப்பார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி இன்ஹேலர் வச்சிருந்தீங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் கேட்டேன். இல்லைன்னு சொன்னீங்க."

"பத்தியம் கெட்டுரும்னு நெனச்சேன்மா."

"நான் பத்தியம்னு சொன்னது தயிரும் வாழைப்பழமும்தான். மூச்சை நிறுத்தச் சொல்லலையே ஐயா." என்றார். "சொல்லியிருந்தா இன்ஹேலரை நிறுத்தவே விட்டிருக்க மாட்டேன். அது ஓடட்டும், கூட இதுவும் போகட்டும்னுதான் மருந்து எழுதியிருப்பேன்."

இப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவேன் என்றார். எனக்கு அந்த மிரட்டல் ஆறுதலாக இருந்தது.

சொன்னேன். டாக்டர் திரும்பி வந்தார். திட்டுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேஸ் ஷீட்டில் மறுநாள் காலைக்கு என்று குழாய்ச் சோதனை எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். சூரணம், கஷாயம் பெயர்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பெண் டாக்டரின் நம்பரையும் வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று அவரோடு கொஞ்ச நேரம் பேசினார். எனக்குள் தனித்தனியாக ஓடிய இரண்டு வைத்தியமும் முதல் தடவையாகப் பேசிக்கொண்டன. திரும்பி வந்து கேட்டார்.

"மகளுக்குச் சொல்லியாச்சா?"

அவர் முன்னாலேயே போன் போட்டேன். சித்ரா கத்தவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வந்தாள். கட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தட்டில் ஒதுக்கி வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாள். தின்றேன். பேச்சியம்மாள், வந்துட்டாகளா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க சித்ரா என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மாற்றுத் துணி எடுக்க மேலூர் போய்விட்டு வந்தவள் என் தோல்பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு இன்ஹேலரையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். விசிலைத் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

சின்னப் பிள்ளையில் அவள் அந்த விசிலைத் தூக்கிக்கொண்டு வீட்டையே பஸ்ஸாக்குவாள். ஒற்றை விசில் ஊதினால் அவள் அம்மா அடுப்படியில் அப்படியே நிற்க வேண்டும். இரட்டை விசில் ஊதினால்தான் நகரலாம்.

"ஒங்கள ஓசூருக்குக் கூட்டிட்டுப் போவேன்னு பயந்துதான சொல்லல?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்து செத்துப் போயிருப்பீங்க. அதுக்கப்புறம் நான் எப்படிப்பா இருப்பேன்?" அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எங்கயும் வர வேணாம். ஒங்க வீட்டுலயே இருங்க. எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாதீங்க."

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அந்த ஊதுகிற குழலை வீட்டுக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். முந்நூற்று இருபதுக்கு மேல் பச்சை, போய்வரலாம். அதற்குக் கீழே மஞ்சள், வீட்டிலேயே இருந்து நீல இன்ஹேலரை இழுக்க வேண்டும். இருநூறுக்குக் கீழே சிவப்பு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். சித்ரா ஏற்பாடு ஒன்று சொன்னாள். காலையில் ஊதியதும் நம்பரை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். விசிலை அவள் ஓசூருக்கு எடுத்துப் போய்விட்டாள்.

இப்போது இன்ஹேலர் முதலில், வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துக் கஷாயம். இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரியும். தினமும் நம்பர் அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வரும். அமுக்கினால் இரண்டு விசில். பேச்சு ஒன்றும் இருக்காது. அதைக் கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவேன்.

தை பிறந்து அறுப்பு மிஷின்கள் வயலில் இறங்கின. மேலூர் முழுக்க வைக்கோல் தூசி. திருவாதவூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பத்தியமெல்லாம் முடிந்து நான் போகிற முதல் விசேஷம். நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷர்களோடு இலையில் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று! வேட்டி சட்டை போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு ஊதினேன். இருநூற்று நாற்பது. இன்னொரு தடவை ஊதினேன். இருநூற்று முப்பது.

போனில் முந்நூற்று நாற்பது என்று அடித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? பத்து நிமிஷத்தில் இரட்டை விசில் வந்துவிடும், மத்தியானம் பந்தியில் இருக்கலாம். விரலை அனுப்பும் அம்புக்குறிமேல் வைத்தவன் ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். பிறகு அந்த மூன்றை அழித்து இரண்டு ஆக்கினேன். அனுப்பினேன்.

உடனே பதிவு வந்தது. ஒற்றை விசில். நீளமாக.

முப்பது வருஷத்தில் யார் யாருக்கோ, கைப்பிள்ளைக்காரிக்கு, ஓடிவந்த கிழவருக்கு, கூடையை இறக்க முடியாதவளுக்கு என்று நான் ஒற்றை விசில் ஊதி வண்டியை நிறுத்தியிருக்கிறேன். எனக்காக ஒருத்தர் ஊதியது அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றினேன். நீல இன்ஹேலரை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன்.